தோய்க்காமல் கொடுத்த சட்டை

கீரிமுனையில் யாரையாவது பிடித்து, உங்கள் விடிவெள்ளிக் கழகம் எந்தக் காலத்தில் என்ன சட்டை போட்டு விளையாடியது என்று கேட்டால் போதும். தண்ணீர் அள்ள வந்தவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கிவிடுவார். முதலில் வெறும் மேல், அடுத்தது பாய்ச்சீலை, பிறகு வெள்ளை, பிறகு துரை கொடுத்த கம்பளி, அதற்குப் பிறகு சிவப்பு வெள்ளைக் கோடு என்று ராசாக்களின் வரிசையைப் போல ஒப்பிப்பார். எந்தச் சட்டையோடு எந்த ஊரை வென்றார்கள் என்பதும் கூடவே வரும். கயித்தான் என்ற பெயர் மட்டும் வராது. அத்தனை சட்டையையும் தோய்த்தவன் அவன்.

கீரிமுனை, பேசாலை தாண்டித் தலைமன்னாருக்குப் போகிற வழியில், கடலுக்கும் பனைக்கும் நடுவில் கிடக்கிற சின்ன ஊர். ஊரே வேதக்காரர்கள்; ஊர்ப் புனிதர் சந்தியோகுமையார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே கோயிலில்தான் முழங்காலில் நிற்பார்கள், ஆனால் யார் எந்த இடத்தில் நிற்பது என்பதில் புனிதர் தலையிடுவதில்லை. ஊருக்கு ஒரு கட்டாடி குடும்பம் இருந்தது. துணி தோய்ப்பதும், கலியாண வீட்டில் வெள்ளைச் சீலை கட்டுவதும், செத்த வீட்டில் செத்தவரின் துணியை எடுத்துக்கொண்டு போவதும் அவர்கள் வேலை. அந்தக் குடும்பத்துக்கு ஒரே மகன் கயித்தான்.

தலைமன்னாரில் கப்பல் பாலம் கட்டி ரயில் வந்த காலத்தில்தான் பந்தும் வந்தது. பாலத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் பின்னேரத்தில் மணல்வெளியில் உதைத்து விளையாடுவார்கள். கிழிந்துபோன பந்தொன்றை அவர்கள் எறிந்துவிட, கீரிமுனைப் பொடியன்கள் அதை எடுத்து வந்து, தேங்காய்த் தும்பை உள்ளே திணித்து, வலை தைக்கிற ஊசியால் மூட்டினார்கள். அதற்குப் பிறகு ஊரில் ஒரு தாய்க்கும் நிம்மதி இல்லை.

அந்த நாளில் சட்டை என்று ஒன்று கிடையாது. இருந்த ஒரே அடையாளம் இடுப்பில் கட்டிய சிவப்புத் துண்டு. திருநாளுக்குக் கட்டி வெயிலில் வெளுத்துப்போன கொடிச் சீலையைக் கயித்தானின் தகப்பன் கிழித்துக் கொடுத்தது அது. சிவப்புத் துண்டு கட்டினால் கீரிமுனை, கட்டாவிட்டால் எதிரி, அவ்வளவுதான் சட்டம். கயித்தான் இடப்பக்கம் ஓடினான். அவன் இடது காலில் பந்து பட்டால் அது எங்கே போகும் என்று எதிரிக்கும் தெரியாது, சில நேரம் அவனுக்கும் தெரியாது, ஆனால் பெரும்பாலும் கோலுக்குள் போகும். நடுவிலிருந்து பந்தை அவனுக்கு அனுப்பிவைப்பவன் வஸ்தியான். முழுப்பெயர் வஸ்தியாம்பிள்ளை, வள்ளம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ஆட்கள் நடுவே இல்லாத இடத்தில் இரண்டு பேரும் நீ நான் என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

மேலோடு மேல் முட்டிக்கொண்டு, ஒருவன் மேல் ஒருவன் விழுந்து, எவனுடைய வேர்வை எவன் முதுகில் என்று தெரியாமல் விளையாடிய காலம் அது. ஆட்டத்தில் முட்டினால் தீட்டில்லை என்று ஊரில் யார் தீர்மானித்தார்களோ தெரியாது. ஒருவரும் தீர்மானிக்கவில்லை, யோசிக்க மறந்துவிட்டார்கள் என்பதுதான் உண்மையாக இருக்கும். கயித்தான் வாழ்நாளில் நிம்மதியாக இருந்தது அந்த மறதி நீடித்த சில வருடங்கள்தான்.

முதல் யுத்தம் முடிந்த கையோடு, பாலத்துக்காரர்களோடு ஒரு பந்தயத்துக்குக் கீரிமுனையை அழைத்தார்கள். அழைத்தவர்கள் ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். துரைசானிமார் பார்க்க வருவார்கள், வெறும் மேலோடு வந்தால் ஆட்டம் இல்லை. சம்மாட்டியார் கொதித்தார். கரைவலையும் வள்ளங்களும் வைத்து ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்ட மனுசன் அவர். ரோசத்தில், வள்ளத்துப் பாய்க்கு வைத்திருந்த ஒரு சுருள் பாய்ச்சீலையை வெட்டக் கொடுத்தார். பெண்கள் தைத்தார்கள். வலைக்குச் சாயம் ஏற்றுகிற பனிச்சங்காய்த் தொட்டிக்குள் போட்டு எடுத்தார்கள். கறுப்புமில்லாமல் மண்ணிறமுமில்லாமல், மரப்பட்டையைப் போல விறைத்துக்கொண்டு பதினொரு சட்டைகள் வந்தன. போட்டால் கழுத்து உரசிப் புண்ணாகும், மழையில் நனைந்தால் மீன் நாறும். ஆனால் சட்டை.

அவை கழகத்துச் சட்டைகள். இன்றைக்கு ஒருவன் போட்டதை நாளைக்கு இன்னொருவன் போடுவான். ஆட்டம் முடிந்ததும் எல்லாம் கழகக் கொட்டிலில் இருந்த பெட்டகத்துக்குள் போகும். கெடுதல் அங்கேதான் இருந்தது.

பந்தயத்தன்று காலை கொட்டில் வாசலில் சம்மாட்டியார் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கயித்தான் தன் முறை வந்ததும் கையை நீட்டினான். அவர் சட்டையைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல், பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துக் கேட்டார்.

"கட்டாடி போட்ட சட்டையை நாளைக்கு ஆர் போடுறது?"

அவர் கெட்ட மனுசன் இல்லை. உண்மையிலேயே சந்தேகமாகத்தான் கேட்டார். அதுதான் கயித்தானுக்கு ஆறவில்லை. அவன் வஸ்தியானைப் பார்த்தான். வஸ்தியான் குனிந்து தன் சட்டைத் தெறியைப் பூட்டிக்கொண்டிருந்தான். நாலு பொத்தான்தான் அந்தச் சட்டையில். அதைப் பூட்டி முடிக்க அவனுக்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

"நீ ஒண்டும் நினைக்காத, கயித்தான்," என்றார் சம்மாட்டியார். "ஆட்டம் முடிஞ்சாப்போல வா. சட்டையளைத் தோய்க்கக் கொண்டு போகவேணும்."

அன்றைக்குக் கீரிமுனை தோற்றது. இடப்பக்கம் ஓட ஆளில்லை. கயித்தான் சந்தோசப்பட்டான் என்று சொன்னால் அவனைப் பழிப்பதாக இருக்கும். சந்தோசப்படவில்லை என்றால் அது பொய். வேர்வையும் மீன்நாற்றமும் ஊறிய பதினொன்றையும் பொட்டணம் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போய், மணலில் தோண்டிய பூவல் தண்ணீரில் போட்டு அடித்தான். தோய்கல்லில் அவன் அடித்த அடியில் முதல் வருடமே இரண்டு சட்டைக்குத் தோள்மூட்டுப் போனது. அவன் கை பட்டுத் தோய்த்த சட்டையை எல்லோரும் மறுநாள் முகம் சுளிக்காமல் போட்டுக்கொண்டார்கள். அவன் கை படலாம், முதுகு படக் கூடாது. இதை விளங்கப்படுத்தச் சொல்லி அவன் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

பாய்ச்சீலை கிழிந்து முடிய, மன்னாரில் துணிக்கடை வைத்திருந்த சனூன் நானாவிடம் வெள்ளைச் சீலை எடுத்து, நீலக் கழுத்து வைத்துத் தைத்தார்கள். விடிவெள்ளிக்கு நல்ல காலம் பிறந்தது அந்த வெள்ளையோடுதான் என்று ஊர் சொல்லும். நல்ல காலத்துக்கு யார் காரணமோ, வெள்ளைக்குக் காரணம் கயித்தான். அந்த உவர்த் தண்ணீரில் சீலை பழுப்பேறாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட வேலையில்லை. வெள்ளாவிப் பானையில் அடுக்கி ஆவியில் வேகவைத்து, நீலம் போட்டு அலசி, புல்லில் விரித்து, காகம் எச்சமிடாமல் அவன் மனைவி மதலேன் கம்போடு காவல் இருப்பாள். ஒவ்வொரு சட்டையின் உட்கழுத்திலும் சேங்கொட்டைப் பாலால் மூன்று புள்ளி வைப்பான். அது கட்டாடிமார் துணி மாறிப்போகாமல் வைக்கிற குறி. எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. பந்தயத்தில் ஓடுகிற பதினொரு பேரின் பிடரியிலும் தன் குறி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பில் ஒரு ஆறுதலும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"நீங்கள் ஏன் ஆட்டம் நடக்கிற இடத்தில போய்ப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று மதலேன் கேட்பாள். "தோய்ச்சது காணாதே?"

"சும்மாதான்," என்பான்.

சும்மா இல்லை. பொழுது படுகிற நேரம், தோய்கல்லடியில், கந்தைத் துணியைச் சுருட்டிக் கட்டின பந்தை அவன் ஒற்றையாக உதைத்துக்கொண்டிருப்பதை அந்த வழியால் போன எல்லோரும் கண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பெற்ற மனுசன் என்ன விளையாட்டு என்று சிரித்துக்கொண்டு போவார்கள்.

பிறகு வந்தது கம்பளி. மாற்றலாகிப் போன பாலத்துத் துரை ஒருவர், தன் ஆட்கள் போட்டுக் கழித்த கரும்பச்சைக் கம்பளிச் சட்டைகளைக் கழகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். மன்னார் வெயிலில் கம்பளி. விளையாடியவர்கள் அவிந்துபோனார்கள், ஆனால் சீமைச் சட்டை என்ற பெருமையில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. முதல் ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போலப் பொட்டணம் கயித்தானிடம் வந்தது. அவன் அதுவரை கம்பளியைக் கண்ணால் கண்டதில்லை. சீலை என்றால் வெள்ளாவி. தகப்பனும் பாட்டனும் செய்தது அதுதான். சட்டைகளை ஒழுங்காக அடுக்கி, பானையை மூடி, நன்றாகவே அவித்தான்.

மூடியைத் திறந்தபோது சட்டைகள் சுருங்கிக் கட்டிபட்டுக் கிடந்தன. திருநாள் ஊர்வலத்தில் சிறகு கட்டிக்கொண்டு வருகிற சின்னச் சம்மனசுகளுக்கு அளவாக இருந்திருக்கும். வேறு ஒருவருக்கும் இருக்காது.

மதலேன் ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தாள். அவன் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அப்போது பெரிய சம்மாட்டியார் இல்லை. அவர் மகன் அமிர்தநாயகம் கழகத்துக்குத் தலைவர். கோட்டுப் போடுகிறவர், மன்னார் அரசாங்கக் கந்தோர்களில் எல்லோரையும் தெரிந்தவர். அவர் சுருங்கிய சட்டையைத் தூக்கிப் பிடித்து ஊருக்கே காட்டினார்.

"பொறாமையில செய்தவன்," என்றார். "இத்தனை வருசமாய் வயித்துக்குள்ள வைச்சிருந்ததை இண்டைக்கு அவிச்சிருக்கிறான்."

கயித்தான் சத்தியம் செய்தான். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னேரம் முழுக்கக் கோயிலுக்கு முன்னால், சுடுமணலில், போகிறவர் வருகிறவர் பார்க்க முழங்காலில் நிற்கவேண்டும் என்று சொன்னார்கள். நின்றான். கழகத்துப் பொடியன்கள் பக்கத்தால் போனார்கள். அணித் தலைவனாக இருந்த வஸ்தியானும் போனான்.

அன்றைக்குக் கருக்கலில் வஸ்தியான் தோய்கல்லடிக்கு வந்தான். கல்லில் குந்தினான். பிறகு கேட்டான்.

"பிழைபட்டுத்தானே செய்தனீ?"

"நீ எண்டாலும் கேக்காமல் விட்டிருக்கலாம்," என்றான் கயித்தான்.

வஸ்தியான் எழும்பிப் போனான். அவன் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருப்பான், கேட்கத் தெரியாமல் அதைக் கேட்டுவிட்டான் என்று மதலேன் சொன்னாள். கயித்தான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பதினாறு வயதில் தன் பின்னால் பந்தை அனுப்பிக்கொண்டு ஓடிவந்தவன், ஒரே ஒரு தரம் வாய் திறந்திருந்தால் போதும் என்று நினைத்தான். வஸ்தியானோ தெறியைப் பூட்டிக்கொண்டே காலத்தைக் கழித்துவிட்டான்.

கடைசியாக அமிர்தநாயகம் தன் கைப்பணத்தில் கொழும்பிலிருந்து எடுப்பித்தார்: சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட நூல் சட்டைகள், பதினொன்று. கீரிமுனை அந்த மாதிரி அழகை அதற்கு முன் கண்டதில்லை. இரண்டு வருடம் அந்தக் கோட்டுச் சட்டையோடு மன்னார்த் தீவெல்லாம் வென்றார்கள். தலைமன்னாரில் வருடாவருடம் நடக்கிற கிண்ணப் பந்தயத்தில் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து நாடு முழுக்க மலேரியாக் காய்ச்சல் பரவியது.

வஸ்தியான் ஆட்டம் பழகுகிற இடத்தில் நின்றபடியே நடுங்கினான். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குளிர் விடவில்லை, சட்டையைக் கழற்ற விடமாட்டேன் என்று இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அவன் மனைவி எடித் ஈரத் துணி வைத்து வைத்துப் பார்த்தாள். அவன் அந்தச் சட்டையோடுதான் செத்தான்.

செத்தவர் கடைசியாக உடுத்ததும் படுத்ததும் கட்டாடிக்கு. அது ஊர் வழக்கம், அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. குளிப்பாட்டுவதற்குக் கழற்றிய துணிகளை எடித்தின் அண்ணன் வேலிக்கு வெளியே வைத்தான். பாய்விரிப்பு, சாரம், அவற்றுக்கு நடுவில் கோட்டுச் சட்டை. கயித்தான் குனிந்து பொட்டணமாகக் கட்டினான். அழுகை வந்ததா ஆசை வந்ததா என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது. இரண்டும் வந்திருக்கும். அந்தச் சட்டையை வேறாக எடுத்து, சவர்க்காரம் போட்டு, கல்லில் அடிக்காமல் கையாலேயே கசக்கிக் காயவைத்தான். அது காய்ந்ததும் பெட்டிக்குள் வைத்தான். ஆசை கிடந்து அடித்தும் போட்டுப் பார்க்கவில்லை.

கிழமை ஒன்று போவதற்குள் அமிர்தநாயகம் வந்தார். வாசலில் நின்றார், உள்ளே வருகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை.

"கட்டாடி, அந்தச் சட்டையைத் தா. பதினொண்டில ஒண்டு குறையுது. கொழும்பில அந்தக் கோடு இனி இல்லையாம்."

"அது செத்தவற்ற துணி, சம்மாட்டியார்," என்றான் கயித்தான். "எனக்கெண்டு தந்தது. நாங்களாய் வைச்ச வழக்கமில்லையே, நீங்கள் வைச்சதுதானே."

அவர் திகைத்தார். அவன் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒன்றும் வந்து அவர் கேட்டதில்லை. திரும்பிப் போனார். ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய தலையிடி கொட்டிலில் காத்திருந்தது. சட்டையை வாங்கினாலும் அதற்குள் இறங்க ஆளில்லை. செத்தவன் உயிர் போன சட்டை, போதாக்குறைக்குக் கட்டாடி வீட்டுப் பெட்டிக்குள் இருந்த சட்டை. வஸ்தியானின் சொந்தத் தம்பியே மாட்டேன் என்றுவிட்டான். வேறு நிறத்தில் போட்டுக்கொண்டு ஒருவன் இறங்கினால் நடுவராக நிற்கிற துரை விடமாட்டார். பத்துப் பேரோடு போய்ப் பாலத்துக்காரரை வெல்லவும் முடியாது.

மறுநாள் அவர் திரும்பி வந்தார். இந்தத் தரம் வேலியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அப்ப நீயே போட்டுக்கொண்டு வா. இடப்பக்கம் நில். நிண்டால் போதும்."

அவர் போனதும் மதலேன் அடுப்படியிலிருந்து வந்தாள். "போகாதேங்கோ," என்றாள். "அவைக்கு நீங்கள் வேண்டாம். செத்தவன்ர சட்டைக்குள்ள நிக்க ஒரு உடம்பு வேணும், அவ்வளவுதான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் போறியளே?"

"ஓம். போறன்."

வெறும் மேலோடு விளையாடியவன், சட்டை வந்த நாளிலிருந்து வெளியே நின்றவன், தலையில் நரை தட்டின பிறகு முதல் தரம் கழகத்துச் சட்டையைத் தலைவழியாகப் போட்டான். அது அவனுக்கு அளவாக இருந்தது. வஸ்தியானும் அவனும் சின்ன வயதிலிருந்தே ஒரே கட்டு. மதலேன் பின்பக்கத்தை இழுத்து நேராக்கிவிட்டாள்.

ரயிலடிக்குப் பக்கத்து வெளியில் தீவே திரண்டிருந்தது. ஆட்டம் தொடங்கியதும் கயித்தானுக்கு விளங்கிவிட்டது. பந்து அவனுக்கு வராது. நடுவில் நின்ற பொடியன் அவனைப் பார்ப்பான், பார்த்துவிட்டு வலப்பக்கம் அனுப்புவான். அவன் கை தட்டினான், கூப்பிட்டான், கோட்டோரம் ஏறி இறங்கி ஓடினான். வேர்த்து ஒழுகியது. மூச்சு வாங்கியது. நட்டுவைத்த கம்புக்குச் சட்டை போட்டதுபோலத்தான் அவனை வைத்திருந்தார்கள். ஊரெல்லாம் பார்க்க ஓடிக்கொண்டிருந்தான், ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரம், பாலத்துக்காரன் ஒருவன் தடுத்த பந்து முட்டித் தெறித்து, யாரும் அனுப்பாமலே அவன் இடது காலடியில் வந்து விழுந்தது. கயித்தான் யோசிக்கவில்லை. ஒருவனைத் தாண்டினான். கோல் காக்கிறவன் வலப்பக்கம் சாய்வதைக் கண்டான். தோய்கல்லடியில் கந்தைப் பந்துக்குச் செய்வதையே செய்தான்.

பந்து வலைக்குள் போனது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து எடித் குழறி அழுதது கேட்டது. வஸ்தியான், வஸ்தியான் என்று புருசனின் பெயரைச் சொல்லி அழுதாள். அதைக் கேட்டு ஒருவன் சொன்னான், பிறகு நாலு பேர், பிறகு வெளி முழுக்க அந்தப் பெயரைக் கூவியது. கழகத்துப் பொடியன்கள் கயித்தானை நோக்கி ஓடிவந்தார்கள். கட்டிப்பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று அவன் இரண்டு கையையும் விரித்தான். கிட்ட வந்ததும் நின்றுவிட்டார்கள். வஸ்தியானின் தம்பி மட்டும் கையை நீட்டி, சட்டையின் கைப்பக்கத்தைத் தொட்டு, விரலை முத்தமிட்டுக்கொண்டு போனான்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியில் அமிர்தநாயகத்தின் கண் கலங்கியிருந்தது.

"வஸ்தியான் எங்களை விட்டிட்டுப் போகேல்லை," என்றார்.

"நானல்லோ அடிச்சனான், சம்மாட்டியார்."

அவர் அவனைப் பரிவோடு பார்த்தார். "கால் உன்ரதான். அடிச்சது அவன்."

கயித்தானுக்கு அந்த இடத்தில் நிலத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம் போல இருந்தது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவர் மனதார நம்பிச் சொன்னார், அவனும் ஓம் என்று தலையாட்டுவான் என்று எதிர்பார்த்தார்.

மறுநாள் காலையே ஆள் வந்தது. அந்தச் சட்டையை இனி ஒருவரும் போடுவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வஸ்தியானின் பெயரெழுதி வைக்கப்போகிறார்கள். கோயிலுக்குள் வைக்கச் சுவாமியார் சம்மதிக்கவில்லை. விளையாட்டுச் சட்டையெல்லாம் பீடத்துக்கு வராது என்று சொல்லிவிட்டார். ஆகவே கழகக் கொட்டிலில். கட்டாடிக்குப் பதிலாக ஒரு புதுச் சாரம் கொடுப்பார்களாம். சட்டையை நன்றாகத் தோய்த்து அழுத்திக்கொண்டு வரவேண்டுமாம்.

"குடுக்கவேண்டாம்," என்றாள் மதலேன். "ஆரும் தொடமாட்டன் எண்ட சட்டை. இப்ப ஆருக்கு வேணுமாம்?"

குடுக்காமல் என்ன செய்வது? குடியிருக்கிற காணி அவர்களுடையது. அவர்கள் துணி இல்லாவிட்டால் அடுப்பில் உலையில்லை. அவன் சட்டையைப் பூவலடிக்குக் கொண்டுபோனான். தண்ணீருக்கு மேலே பிடித்தபடி நின்றான். அது முழுக்க அவன் வேர்வை. கழுத்தில், கமக்கட்டில், முதுகில் உப்புப் பூத்திருந்தது. வஸ்தியானுடையது ஒன்றுமில்லை, அதை அவனே தன் கையால் கசக்கிப் போக்கியிருந்தான்.

தண்ணீரில் போடவில்லை. மண்ணை மட்டும் தட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பி, சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிக்கைப் பெட்டியால், வேர்வைக்கு மேலேயே அழுத்தி, மடிப்புக் குலையாமல் மடித்தான். மதலேன் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தோய்க்கேல்லையே?"

"இல்லை."

பிறந்ததிலிருந்து அவன் தோய்க்காமல் திருப்பிக் கொடுத்த ஒரே துணி அது. தட்டில் வைத்து, வெள்ளைச் சீலையால் மூடி, கொட்டிலுக்குக் கொண்டுபோனான். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் போனான். அங்கே எடித் கறுப்புச் சேலையோடு இருந்தாள். சட்டையை வாங்கி முகத்தோடு அழுத்திக்கொண்டாள், கனநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"தோய்ச்சும் அவற்ற மணம் போகேல்லை," என்றாள்.

அவனுடைய சிரிப்பு அந்த இடத்திலேயே செத்துப்போனது. அவளை அவன் நினைத்துப் பார்க்கவேயில்லை. சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அவளுக்கு மிச்சமிருந்த அதுவும் போகும். புதுச் சாரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அதை அவன் ஒருநாளும் உடுக்கவில்லை.

வருடங்கள் போகப்போகக் கண்ணாடிக்குள் இருந்த சட்டையின் கமக்கட்டும் கழுத்தும் மஞ்சளாகப் பழுத்தன. கட்டாடி தோய்த்தும் போகாத வேர்வை என்று ஊர் அதிசயித்தது. சந்தியோகுமையார் திருநாளன்று, ஆட்டத்துக்கு முன்னால், பெட்டியைத் திறந்து வைப்பார்கள். வரிசையில் வந்து அந்த மஞ்சள் கறையை உதடு பதித்து முத்தி செய்துவிட்டுத்தான் பொடியன்கள் களத்தில் இறங்குவார்கள். கோட்டுச் சட்டைகள் கிழிந்து, இரண்டாம் யுத்தத்தில் கூப்பனுக்குச் சீலை கிடைக்காத காலத்தில் பட்டாளத்துக் காக்கியை வெட்டிப் போட்டார்கள். யுத்தம் முடிந்ததும் பச்சை வந்தது. எல்லாவற்றையும் கயித்தான் தோய்த்தான். கண்ணாடிக்குள் இருந்ததை மட்டும் ஒருவரும் அவனிடம் தோய்க்கக் கொடுக்கவில்லை.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருடம், மதலேன் செத்து ஆறு மாதம் இருக்கும், கயித்தானும் அந்த வரிசையில் போய் நின்றான். ஏன் போனான் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. மனைவி போன பிறகு, அது தன் சட்டை என்று தெரிந்தவர் உலகத்தில் வேறு ஒருவரும் இல்லை. ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும் என்று இருந்தது. எல்லோருக்கும் கடைசியில் நின்றான். பெட்டியடியில் அமிர்தநாயகம், நரைத்த மீசையோடு, துடைக்கிற லேஞ்சியோடு நின்றார். கயித்தான் குனிந்து கையை நீட்டினான்.

"எட்ட நிண்டு கும்பிடு, கட்டாடி," என்றார் அவர், கோபமில்லாமல். "உன்ர கை பட்டால் திரும்பத் தோய்க்கவேண்டி வரும். தோய்ச்சால் அவன்ர வேர்வை போயிடுமெல்லே."

கயித்தான் கையை எடுத்தான். பின்னால் தள்ளி நின்று, இரண்டு கையையும் கூப்பித் தன் வேர்வையைக் கும்பிட்டான். பிறகு மூலையில் குவித்துக் கிடந்த பழைய பச்சைச் சட்டைகளைப் பொட்டணமாகக் கட்டி, தலையில் தூக்கிக்கொண்டு பூவலடிக்குப் போனான்.